தேவையில்லாத டிரைவர்கள்

லினக்ஸ் கெர்னலை நாமே கட்டிக்கொள்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. கணினியின் எல்லாக் கருவிகளையும் கட்டி மேய்ப்பது கெர்னல். அதன் மூலநிரல் பொதியை இறக்கிப் பிரித்து, வேண்டாததைக் கழித்துவிட்டுக் கட்டச் சொன்னால் கணினியே கட்டித் தரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது சிறுவயதிலிருந்தே உண்டு என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

விபத்துக்குப் பிறகு அண்ணன் ஆறு வருடமாகப் படுக்கையில். மூச்சு இயந்திரத்தின் சொந்த மணி பழுது. அதனால் குழாய் நழுவினால், பக்கத்திலிருக்கும் பழைய கணினி சமையலறை ஸ்பீக்கரில் அலறும். அதை அமைத்துக் கொடுத்தவன் நான். அவர் இருமினாலும் அலறும், புரட்டிப் படுக்கவைத்தாலும் அலறும். என் வேலை போயிற்று, பேசிவைத்த பெண்ணும் போனாள். எனக்கு யார்மீதும் கோபமில்லை.

அண்ணிதான் ஒருநாள் கேட்டார். “சத்தத்தக் கொஞ்சம் குறைக்க முடியுமா தம்பி? தலைக்குள்ளயே அடிக்குது.”

ஒவ்வொரு கருவியையும் இயக்க கெர்னலுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும், அதுதான் டிரைவர். அந்த நேரத்தில் மாட்டியிருக்கும் கருவிகளின் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை உதறிவிட ஒரு கட்டளை உண்டு. ஏதாவது ஒன்றை மாட்ட மறந்துவிட்டுப் பிறகு தலையில் கைவைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் சகஜம். உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன். நான் மறக்கவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றினேன், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன், பிறகுதான் கட்டளை கொடுத்தேன். கட்டி முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. அதற்குள் அண்ணனுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். கண்ணால் சிரித்தார். புதிய கெர்னலில் கணினியை ஏற்றி, ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினேன்; அதற்கு டிரைவர் இல்லை, இனி அது ஊமை. ஆபத்துக்கு உதவும் என்று பழைய கெர்னலை எல்லோரும் விட்டுவைப்பார்கள். நான் அழித்தேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குக் குழாய் நழுவியது. நான் அதைத் தொடவில்லை. திரையில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னையே பார்த்தார். சமையலறையில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை முடித்து, கையைத் துடைத்தபடி வந்தவர் கட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“ஏன் தம்பி அடிக்கல?”

“நீங்கதானே அண்ணி குறைக்கச் சொன்னீங்க?”

அண்ணனைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசுவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அவர் கேட்டதற்கு மேலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.