நெலாவுல பிறை பாத்தவன்

காதரு, நீ உசுரா படிச்ச சந்திரலோகக் கதையோட ஒம்பதாம் பாகம் வர்றதுக்குள்ள மவுத்தாயி கண்ண மூடிட்டியேடா தம்பி. இன்னிக்கி முதுநகர்லேர்ந்து சிதம்பரம் போற ரயில்ல, எதுர்ல ஒக்காந்த ரெண்டு பேரு அதைத்தான் கேலி பேசிக் கிழிச்சாங்க.

"நெலாவுலயே நின்னுக்கிட்டு பிறை பாத்து நோம்பு புடிக்கிறான் மச்சான்!"

"காலுக்குக் கீழ குனிஞ்சு பாத்திருப்பான் மாமா."

"மூணு பாகம் பூரா மூட்டையே கட்டுறான். ரங்கூன் போறவன்கூட அவ்ளோ கட்டமாட்டான்."

"அப்புறம் ஏன் ஒம்பதும் படிச்சீங்க?"

"அங்கேர்ந்து நம்ம பூமியப் பாக்குறான் பாரு, அந்த எடத்துல அழுதுட்டேன்."

"கடைசில வூட்டுக்கு வந்தானா?"

"வரல மச்சான். அங்கயே தங்கிட்டான்."

வந்துருவானாண்ணேன்னு நீ படுக்கையில கேட்டுக்கிட்டே இருந்ததுக்கு பதில் கெடச்சிடுச்சி. இதப் படிக்கிறவங்க எல்லாரும் எந்தம்பிக்கு துஆ செய்யுங்க, ரயில்ல வந்த அந்த ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்றேன்.