படம் முடிஞ்சதும் வந்துடறேன்

ஹலோ... ம், நான்தான். ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?... மாடி ஏறினீங்களா, சரி. ஒரு நிமிஷம், கையெல்லாம் பெயின்ட்டு, ஸ்பீக்கர்ல போடறேன்... ஆங், இப்ப சொல்லுங்க.

...வாஷிங் மெஷினா? கதவு திறக்கலையா?... ரெண்டு நிமிஷம் பொறுத்தா தானாத் திறக்கும்ங்க... அதான், பொறுக்கணும்... ஸ்க்ரூ டிரைவரா? கீழ வைங்க அத. வெச்சாச்சா?... சத்தமே கேக்கலையே... ம், இப்ப கேட்டுச்சு.

சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... தனியாத்தான். இங்க வேற யாரு இருக்கா? கீழ தார்ப்பாய் தைக்கிற அம்மா. பக்கத்து கொட்டகையில படகு மெக்கானிக். மாடியில நான். எதிர்க்க கடல்... ஆமா, நாலு மாசம் ஆச்சு... பதினோரு நாளும் சேத்தா? எண்ணிக்கிட்டே இருக்கீங்களா?

...ஆமா. ஆமா, சொன்னேன். ‘ஒரே ஒரு படம், முடிஞ்சதும் வந்துடறேன்’னு சொன்னேன். இல்லைன்னு யாரு சொன்னா? அது முடியலைன்னா நான் என்ன பண்றது... உங்க அக்காவா? அவங்க என்னவாம்?... ‘கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழிச்சு கடலோரத்துல ரூம் எடுத்து உக்காந்திருக்கா’ன்னா? சரியாத்தானே சொல்றாங்க... நின்னுக்கிட்டுதான் வரையறேன், அத மட்டும் திருத்திச் சொல்லிடுங்க.

படத்தோட போட்டோவா? தினமும் சாயங்காலம் அனுப்பறேனே... நேத்து அனுப்பினேன், முந்தாநாள் அனுப்பினேன்... எல்லாத்தையும் வெச்சிருக்கீங்களா? எல்லாத்தையுமா?... பிரின்ட் போட்டு? எதுக்குங்க?... ஸ்கேல் வெச்சு அளந்தீங்களா.

...

இருங்க. இருங்க, நான் சொல்றேன்... படகுன்னு இருந்தா நகரத்தானே செய்யும்?... சரி, செவ்வாய்க்கிழமை இடது பக்கம், வியாழக்கிழமை வலது பக்கம்... காணாமயும் போச்சு, ஆமா. மீன் பிடிக்கப் போயிருக்கும்... அடிவானம் ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கா? நெஜமாவா?... ஒரு சர்வேயரக் கட்டிக்கிட்டு நான் இந்தத் திருட்டுத்தனத்துல எறங்கியிருக்கக் கூடாது.

...ஆமாங்க. ஒத்துக்கறேன், போதுமா? காலையில எழுந்ததும் கத்திய எடுத்து நேத்து வரைஞ்சதச் சுரண்டிடுவேன். ஆயில் பெயின்ட்டு, சீக்கிரம் காயாது, வழிச்சா வந்துடும்... தினமும் இல்ல. முடிஞ்சிடும்போல இருக்கற அன்னிக்கு மறுநாள் மட்டும்... எத்தன தடவைன்னு எண்ணல... சரி, எண்ணினேன். முப்பத்தொண்ணு.

கோவமா?... பேசுங்க. ஹலோ? லைன்ல இருக்கீங்களா?... இருங்க, கீழ மெக்கானிக் இன்ஜின ஓட்டிப் பாக்கறாரு, ஒண்ணுமே கேக்கல... கத்தாதீங்க, நின்னுடும்... நின்னுடுச்சு. இப்ப சொல்லுங்க... இல்லைங்க, உங்க மேல எனக்கு என்ன கோவம்? சண்ட போட்டுக்கிட்டா வந்தேன்? நான் சொல்றத முழுசாக் கேளுங்க, நடுவுல பேசாதீங்க... இப்பவே பேசறீங்க.

அங்க எனக்கு இடம் எங்க இருந்துச்சு? சாப்பாட்டு மேஜையில ஒரு ஓரம். எட்டு மணிக்கு தட்டு வந்துட்டா கலர் எல்லாத்தையும் அள்ளி கட்டிலுக்கு அடியில தள்ளணும். ஒரு வானத்த ஒரே மூச்சுல நான் வரைஞ்சதே கிடையாதுங்க. பாதி வானத்துல காலிங்பெல் அடிக்கும். இங்க வந்த மொத நாள் கதவ உள்பக்கமாத் தாழ் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் யாருமே தட்டல. எனக்கு அழுகை வந்துடுச்சு, சந்தோஷத்துல. உங்ககிட்ட சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல... சங்கடமா இருக்கா?... ம். சொல்ற எனக்கும்தான்.

...உங்க நினைப்பா? வராம என்ன. சாயங்காலம் ஆனா சாவியத் தூக்கி மேஜை மேல போடற சத்தம் கேக்காதான்னு இருக்கும். காலையில மட்டும் வராது. பொய் சொல்ல மாட்டேன்... சிரிச்சிட்டீங்களா? சிரிங்க, சிரிங்க.

இன்னிக்கா? இன்னிக்குத்தாங்க வம்பே. நல்லா வந்துடுச்சு... படம்தான், வேற என்ன. மழை விட்டதும் தண்ணி ஒரு நிறமா இருந்துச்சு, பச்சைன்னும் சொல்ல முடியாது, சாம்பல்னும் சொல்ல முடியாது. அது அப்படியே கான்வாஸ் துணியில வந்து உக்காந்துடுச்சு. என் ஆயுசுக்கும் இப்படி ஒண்ணு வந்ததில்ல. அதனாலதான் போட்டோ அனுப்பல. பாத்தா முடிஞ்சிருச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்... நாளைக்கு கத்தியத் தொட என்னால முடியாது. தொடலைன்னா பெட்டியக் கட்டணும்... ஆமா, சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான். நானும் மாத்திப் பேசல.

அதனால ஒரு காரியம் பண்ணியிருக்கேன்... திட்டாதீங்க. மொதல்ல கேளுங்க. தார்ப்பாய் தைக்கிற அம்மாவ மேல கூப்பிட்டுக் காட்டினேன். சுவத்துல ஆணி அடிச்சு மாட்டின துணிதானே, நல்லாக் காயட்டும், வலது ஓரத்துல இன்னொரு துணிய வெச்சுத் தைச்சுத் தரேன்னுட்டாங்க... வேற படம் இல்லைங்க, அதே படம். இன்னும் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்... ஏமாத்தறேனா? ஒரு படம்னு சொன்னேனே தவிர, எத்தன அடின்னு சொன்னேனா? ஊர் நிலத்தை எல்லாம் அளந்த மனுஷன், எல்லை எங்கன்னு கேக்காமயே சரின்னு தலையாட்டினா அது யாரு தப்பு?

...உங்க அக்காகிட்டயா? படம் வளருதுன்னு சொல்லுங்க.

...என்ன?... திரும்பச் சொல்லுங்க... வரீங்களா? இங்கயா? வேணாங்க, இங்க ஒரே கட்டில்தான்... தங்கறதுக்கு இல்லையா?... சனிக்கிழமை வந்துட்டு சாயங்கால பஸ்ல திரும்பிடுவீங்க. சரி... கதவத் தட்ட மாட்டீங்க?... கீழயே உக்காந்திருப்பீங்க? நான் இறங்கி வர்ற வரைக்கும்?... அஞ்சு மணி ஆனாலுமா?

...துணியா? துணிய நீங்க வாங்கிட்டு வரீங்களா?

...இல்ல, ஒண்ணும் இல்ல. டர்பன்டைன் கண்ணுல பட்டுடுச்சு... ஆமா, இருக்கேன்... அளவா? பேனா இருக்கா? எழுதிக்கோங்க. அகலம் நாலு அடி... ஆமா, நாலு... நீளமா? கடைக்காரர்கிட்ட எவ்வளவு இருக்குன்னு கேளுங்க... அவ்வளவும்.

வெச்சிடறேங்க, வெளிச்சம் போகுது.