கோல் மாறி நின்ற கிளீட்டஸ்

...கப்பு, மெடல், மாலை எல்லாம் மேடையில பளபளன்னு இருக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷ லீக்கைத் தொடங்கி வைக்கணும்னு என்னைக் கூப்பிட்டீங்க. தொடங்கி வைக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கதை இருக்கு. கேட்டுட்டு மைதானத்துல இறங்குங்க.

கடற்கரையில ஒரு ஊரு. அந்த ஊருக்கு மூச்சே ஃபுட்பால்தான். அங்க கோல் கீப்பர் ஒருத்தன், பேரு கிளீட்டஸ். மீன்பிடி வள்ளத்துல வலை இழுத்து இழுத்து உரமேறின கை. அவன் கையில பந்து ஒட்டிக்கிச்சுன்னா ஒட்டிக்கிச்சுதான். டீம் கேப்டன் வில்பிரட். ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துல தொழிலுக்குப் போறவங்க.

அந்த வருஷம் மாவட்ட லீக்கை அந்த ஊரு ஜெயிச்சிட்டுது. ஊரே ஆடுது! இன்னும் கோப்பைப் போட்டி பாக்கி இருக்கு. லீக்கும் கப்பும் ஒரே வருஷத்துல எந்த ஊருக்கும் போனதில்ல. "நம்ம ஊருக்கு வந்தா...?"ன்னு எங்கயும் அதே பேச்சு. கோயில்ல அதே பேச்சு, மீன் ஏலத்துல அதே பேச்சு.

கோப்பையில அரையிறுதி. எதிராளி பந்தோட வர்றான். கிளீட்டஸ் அவன் காலடியில பாயுறான். அவன் முட்டி வந்து கிளீட்டஸ் நெத்திப்பொட்டுல இடிச்சுது. ணங்குன்னு. கிளீட்டஸ் கெடக்கான்... அசைவில்ல. மூஞ்சியில தண்ணி தெளிச்சாங்க. எந்திரிச்சான். மைதானமே கை தட்டுது. தட்டாதா பின்ன? வீரன்லா!

இடைவேளை முடிஞ்சு டீம் இறங்குது. பக்கம் மாறணும் இல்லையா? கிளீட்டஸ் நேரா நடந்து போயி... பழைய கோல்லயே நின்னுட்டான்.

எல்லாரும் சிரிச்சாங்க. "ஏலே கிளீட்டஸு, அந்தப் பக்கம்லே!"ன்னு கத்திக் கத்திச் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டே மாறி வந்தான். சிரிக்காத ஆளு ஒருத்தன்தான். வில்பிரட்.

அந்த ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க. மறுநாள் கிளீட்டஸ் பொண்டாட்டி ஜெனிட்டா வில்பிரட்டைத் தேடி வர்றா.

"அண்ணே, அவரு சரியில்ல. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. சாப்பிட்ட கையோட 'சோறு போடலயா'ன்னு என்கிட்ட சண்டை போடுறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, ஃபைனல் முடியட்டும்ங்காரு. அவர ஆட விடாதீங்கண்ணே."

வில்பிரட் ஊர் ஃபுட்பால் கமிட்டித் தலைவர்கிட்டப் போறான். தலைவர் கெட்டவரில்ல. கிளீட்டஸ் கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தினவரு. அவரு என்ன சொல்றாரு?

"லேய், இன்னொரு கீப்பர் கை ஒடிஞ்சு கெடக்கான். நான் யாரைப் போய் நிறுத்த? ஒரு ஆட்டம்லே... ஒரே ஒரு ஆட்டம். முடிஞ்சதும் எந்த ஆஸ்பத்திரின்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்."

கிளீட்டஸ் என்ன சொல்றான்? "எனக்கு ஒண்ணுமில்லடே. அவ பயந்தாங்கொள்ளி."

எல்லாரும் ஒரே வாக்கு. வில்பிரட் என்ன செஞ்சான்? பேசாம இருந்துட்டான். ஆமா... அவனும் பேசாமத்தான் இருந்தான்.

இறுதி ஆட்டம் வந்தது. நிக்க இடமில்லாத கூட்டம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துல ஒரு பந்து வருது. சாதாரணப் பந்து. கிளீட்டஸைத் தாண்டி உருண்டு உள்ள போகுது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒத்தக் கையால கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்கயோ பார்த்துட்டு நிக்கான்.

வில்பிரட் வெளிய பார்த்து, "இவனை மாத்துங்க!"ன்னு கத்துறான். தலைவர் அங்கேருந்து, "ஆடுலே! திருப்பி அடிச்சிரலாம், ஆடு!"

அவ்வளவுதான். வில்பிரட் நேரா கோலுக்குப் போனான். குனிஞ்சான். கிளீட்டஸைத் தூக்கித் தோள்ல போட்டான். கிளீட்டஸ் அவன் முதுகுல குத்துறான். "விடுலே... என்னை விடுலே... ஃபைனல்லே!" வில்பிரட் விடல. கோட்டைத் தாண்டி வெளிய நடக்கான். தண்ணி பாட்டில் வந்து விழுது, செருப்பு வந்து விழுது. "துரோகி! காசு வாங்கிட்டான்!"ன்னு சொந்த ஊர்க்காரன் கத்துறான். அவன் நிக்கல. ஒரு ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டான்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "அடிபட்ட அன்னைக்கே ஏன் கொண்டு வரல?" மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் பண்ணினாங்க...

கிளீட்டஸ் கண்ணு முழிக்கல.

அதே நேரம் ஊர்ல என்ன நடக்குது? கப்பு போயிடுச்சு. அந்தக் கோவத்துல வில்பிரட் வீட்டு ஓட்டுல கல்லு விழுது. கிளீட்டஸ் உயிருக்குப் போராடிட்டுக் கெடக்கான்... இவங்க கல்லெறியுறாங்க!

கண்ணு முழிக்காமலே கிளீட்டஸ் போயிட்டான். அடக்கத்தன்னைக்கு டீம் மொத்தமும் ஜெர்சியில வந்தது. தலைவர் சவப்பெட்டி மேல டீம் கொடியைப் போர்த்த வர்றாரு. அழுதுட்டேதான் வர்றாரு. அந்த அழுகை பொய்யில்ல. ஜெனிட்டா எந்திரிச்சு நின்னா.

"கொடியை எடுங்க. ஆட வச்சவங்க யாரும் அவரைத் தொட வேண்டாம். வில்பிரட் அண்ணன் எங்க? உயிரோட இருக்கும்போது தூக்கினவரு அவரு ஒருத்தர்தான். அவரு வந்து தூக்கட்டும்."

வில்பிரட் கூட்டத்துக்குப் பின்னால, மதில் ஓரமா நின்னுட்டிருந்தான். வந்தான். பெட்டியில கை வச்சு, ஜெனிட்டா கேக்கிற மாதிரி சொன்னான்: "பிந்திட்டேன் தங்கச்சி... அவன் கோல் மாறி நின்னப்பவே தூக்கியிருக்கணும்."

அதுக்கப்புறம் வில்பிரட் பந்தைத் தொடல.

இப்ப உங்களைக் கேக்கேன். கிளீட்டஸைக் கொன்னது யாரு? அந்த முட்டியா? முட்டி இடிச்சது விளையாட்டுல. அது தெரியாம நடந்தது. தெரிஞ்சப்புறம் நடந்ததுக்கு என்ன பேரு? அந்த ஊர்ல ஒருத்தருக்கும் கிளீட்டஸ் மேல வெறுப்பு இல்லைய்யா. எல்லாருக்கும் அவன்னா உயிரு. அதான் எனக்குப் பயமா இருக்கு. பிரியம் வச்சிருந்த ஊரே அவனை அந்தக் கம்பத்தடியில நிறுத்திட்டுது... ஒரு கப்புக்காக.

தம்பிகளா, இன்னைக்கு நீங்க இறங்கப் போறீங்க. லீக் இருக்கு, பின்னால கப்பும் இருக்கு. உங்க பக்கத்துல ஆடுறவன் கண்ணு சொருகினா, கால் தடுமாறினா, பக்கம் மாறி நின்னா... சிரிக்காதீங்க. ஆட்டத்தை நிறுத்துங்க. தோத்துப் போங்க, பரவாயில்ல! சுத்தி நிக்கிறவங்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். "ஆடு ஆடு"ன்னு கத்துற அதே தொண்டையால "நிறுத்து"ன்னும் கத்தலாம்.

விசில் ரெஃபரி வாயில மட்டும்தான் இருக்குன்னு நினைச்சிராதீங்க.