இரண்டாவது தீக்குச்சி

இரவு இரண்டரை மணி. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஜீப் போய்க்கொண்டிருக்கிறது. சாலைக்கு இரண்டு பக்கமும் அறுப்பார் இல்லாமல் சாய்ந்து கிடக்கிற பயிர். நாய்கூடக் குரைக்கவில்லை. ஓட்டுகிறவருக்கு அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட அதில் போனதில்லை...

இது என் நண்பர் ஒருவரின் அத்தானுக்கு நடந்தது. அக்காள் கணவர். ராணுவ உளவுப் பிரிவில் கேப்டன். நண்பர் சொல்வதுபோல நானும் அத்தான் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதை நான் சொன்ன அன்று எங்கள் அச்சகத்தில் மின்சாரம் போய், எல்லோரும் காகிதக் கட்டுகளின் மேல் முடங்கி உட்கார்ந்திருந்தோம். பேச்சை ஆரம்பித்தது பைண்டர்தான்.

"உளவுப் பிரிவு ஆபீசரெல்லாம் எங்கப்பா சண்டையப் பாத்தான்? ஃபேனுக்குக் கீழ உக்காந்து பென்சில் சீவுவான். அதுக்கு ஒரு பென்ஷன்."

"பெரும்பாலும் அப்படித்தாண்ணே" என்றேன். "இவரும் அப்படித்தான் இருந்தாரு. அந்த ராத்திரி வரைக்கும்."

மெழுகுவர்த்தியை நடுவில் நகர்த்தி வைத்தார்கள். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். முதலில் அறை. அப்புறம் ஆள். சாலைக்குக் கடைசியில் திரும்பலாம்.

அறை என்பது போர்முனைக்குக் கொஞ்சம் பின்னால், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டுத் தரையில் மணலைக் கொட்டி, எதிரே இருக்கும் நிலம் முழுவதையும் சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம். சாலைக்கு வெள்ளை நாடா. ஓடைக்கு நீல நூல். நூலின் மேல் தீப்பெட்டி அட்டையில் ஒரு சின்னப் பாலம்.

இரவு ரோந்து போனவர்கள் விடிகாலையில் திரும்பி வருவார்கள். அத்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவார். ஒரு டம்ளர் தேநீர். கையில் ஒரு தீக்குச்சி. எதிரியை எங்கே பார்த்தாயோ அங்கே மணலில் நட்டுவிட்டுப் போ. அவ்வளவுதான். ஒரே இடத்தில் இரண்டு குச்சி நின்றால் அது வரைபடத்துக்குப் போகும். ஒற்றைக் குச்சியாக நின்றால் சாயங்காலம் பிடுங்கிவிடுவார். பயத்தில் மனிதன் எதை வேண்டுமானாலும் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது.

இப்போது ஆள். ரோந்தில் முன்னால் போகிறவன். குட்டையாக, விறுவிறுவென்று நடப்பதால் அவனுக்குக் காடை என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயாடி. அவன் சொல்வதில் பாதியை யாரும் நம்புவதில்லை.

ஒரு விடிகாலையில் காடை தன் குச்சியைப் பாலத்துக்கு அடியில் நட்டான்.

"பாத்தியா?"

"பாக்கல சார். சோப்பு வாசனை வந்துச்சு. அடியில எவனோ குளிக்கிறான்."

"மத்தவங்க யாரும் சொல்லலையே."

"அவங்களுக்கெல்லாம் ஜலதோஷம் சார்."

அத்தான் சிரித்துவிட்டார். காடை சிரிக்கவில்லை. "ஒருதரம் நீங்களே வந்து மோந்து பாருங்க சார். நானும் நீங்களும் சொன்னா ரெண்டாச்சுல்ல."

"என் வேலை இங்கடா."

சாயங்காலம் அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட்டார்.

அன்று இரவு ரோந்து அதே பாலத்தின் வழியாகப் போனது. காடை மட்டும் திரும்பவில்லை. சுடும் சத்தம் இல்லை, கத்தல் இல்லை. எந்த இடத்தில் காணாமல் போனான் என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் குச்சியை நட்டார்கள். அதனால் வரைபடத்தில் எதுவும் ஏறவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று பேச்சு கிளம்பியது. அவன் அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதப் போகிறார்கள் என்றார்கள்.

அதற்கு மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த நாள் விடியும் முன்பு ஒரு படைப்பிரிவு முழுவதும் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலம் காலிதானே என்று கேட்டார்கள். காலி என்று அத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்த ராத்திரி அவர் அந்த அறையிலேயே கட்டிலில் படுத்திருந்தார். கதவு உள்ளே தாழ். தூக்கம் வரவில்லை...

முதலில் வாசனைதான் வந்தது. மலிவான சோப்பு. ஈரத் துணி.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். பாலத்துக்கு அடியில் ஒரு தீக்குச்சி நின்றது.

பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுத்தார். இருட்டில் மணல் சரியும் சத்தம். மெதுவாக... ஒரு கை மணல் அளவுக்கு. மறுபடி டார்ச். மறுபடி குச்சி. இந்தத் தடவை ஈரமாக இருந்தது.

அவருக்குப் பயமாக இல்லையாம். ஒன்றுமே தோன்றவில்லையாம். தொலைபேசியை எடுத்தார், வைத்துவிட்டார். ஒற்றைக் குச்சி. அவர் சட்டப்படி அது பொய். எந்த வாயால் படையை நிறுத்தச் சொல்வது?

குச்சியைப் பிடுங்காமல் விட்டார். வராந்தாவில் காவலுக்கு இருந்த சார்ஜென்டிடம் சாவியைக் கொடுத்தார். "பூட்டி வை. யாரையும் உள்ள விடாத." ஜீப்பை எடுத்தார்.

ஆரம்பத்தில் சொன்ன சாலைதான் இது, அவர் வெள்ளை நாடாவாக மட்டுமே பார்த்துப் பழகியது.

வகுப்பறையைத் தாண்டியதுமே ஜீப்பின் பின்பக்கம் சோப்பு வாசனை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின் இருக்கையின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் அது கிரீச்சிடும். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கரையோரம் ஊர்ந்து போய்ப் படுத்தார். தண்ணீர் சொட்டும் சத்தம். கீழே யாரோ மூச்சு விடும் சத்தம்... ஒருவர் இல்லை, பலர். வாசனை மூக்கில் ஏறியது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"மோந்தீங்களா சார்?"

"ம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான், அண்ணே, நீங்கள் கேட்ட சண்டை. அவர் கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மனித முகங்கள். இதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை. "சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

சத்தத்தைக் கேட்டுப் படைப்பிரிவு பின்னாலேயே நின்றுவிட்டது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தபோது, அத்தான் இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பாலத்துக்கு அடியில் எதிரிகள் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போன சட்டைகள், தேய்ந்த ஒரு சோப்பு, சாக்குப் போர்த்திய காடை. செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அத்தானை அறைக்குக் கூட்டி வந்தார்கள். சார்ஜென்ட் பூட்டைத் திறந்தார். வழக்கப்படி தேநீர் கொடுத்தார். வழக்கப்படி ஒரு தீக்குச்சியையும் நீட்டினார். அத்தான் அதை வாங்கிக்கொண்டு மணலுக்குப் போனார்.

பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு குச்சி நின்றது. இரண்டும் ஈரம்.

"உள்ள யாரு வந்தது?"

சார்ஜென்ட் விழித்தார். "நீங்கதானே சார். அங்க சுடுற சத்தம் கேட்டுச்சே, அப்ப. சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தீங்க. நான்தான் தொறந்து விட்டேன். சல்யூட் அடிச்சேன், நீங்க பாக்கல... வாசல்ல உங்களுக்காக ஒருத்தன் காத்துட்டு நின்னான். குட்டையா."

கையில் இருந்த குச்சியை அத்தான் நடவில்லை.

காடையின் அம்மாவுக்குச் சரியான கடிதம் போனது. அத்தான் பணியிலிருந்து விலகி வீடு வந்து சேர்ந்தார். போன வருடம் நண்பர் அங்கே போயிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அத்தான் எழுந்து போய், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கினார். அவசரமே இல்லை. நிதானமாக மேடையில் வைத்துவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போன நண்பருக்கு அவர் மேலிருந்து ஈரத் துணி வாசனை அடித்தது.

அன்றைக்குத்தான் நண்பர் கேட்டிருக்கிறார். "அத்தான், நீங்க நெஜமாவே போர்முனைக்குப் போனீங்களா?"

"போனேன்" என்றாராம். "திரும்பி வந்தேனான்னுதான் தெரியல. அத ரெண்டு பேர் சொல்லணும்."

வந்துவிட்டார் என்று அக்கா சொல்கிறாள். தினமும் சொல்கிறாளாம்.

"நீங்களும் சொல்லிட வேண்டியதுதானே?" என்று நண்பரைக் கேட்டேன். "நான் மோந்து பாத்துட்டேனே" என்றார் நண்பர்.