மேதாவுக்கு எடுத்து வைத்த மானிட்டர்

"கேம் ஆட எல்சிடி நல்லதா, டப்பா மானிட்டர் நல்லதா? சச் சச் பதா, உண்மையைச் சொல்லு ஆரா."

மேதா என்னிடம் இப்படித்தான் கேட்டாள். நியாயமான கேள்வி. டெல்லி நேரு பிளேஸில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் பழைய மானிட்டர்கள். அப்பா பழுது பார்ப்பார். நான் துடைத்து வைப்பேன், வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். நாலு பேருக்கு நடுவில் எனக்குப் பேச வராது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வரும்.

படிக்க, படம் பார்க்க, ஆபீஸ் வேலை செய்ய எல்சிடி போதும். இடத்தை அடைக்காது, கரண்ட்டும் அதிகம் இழுக்காது. ஆனால் பழைய சண்டை ஆட்டங்களை ஒழுங்காக ஆட வேண்டும் என்றால் முதுகு புடைத்த டப்பா மானிட்டர்தான். எல்சிடி படத்தை வாங்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டும். அந்த யோசனை சும்மா பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆடுகிறவருக்குத் தெரியும். எதிராளியின் குத்து விழுந்த பிறகுதான் கை தடுக்கப் போகும். டப்பா யோசிக்காது, வந்ததை வந்தபடி காட்டிவிடும். அதனால்தான் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போன பெட்டிகளைத் தேடிக்கொண்டு இப்போது காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள்.

டப்பாவில் ஒரு குறையும் உண்டு. அதில் படம் நிலையாக நிற்பதில்லை. ஒளிர்ந்து, அணைந்து, மறுபடி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். கண்தான் அதை ஒட்டுப்போட்டு ஒரே படமாகப் பார்க்கிறது. சிலருக்குத் தலை வலிக்கும். சிலருக்கு வேறு ஏதாவது ஆகும். இதையும் வருகிறவர்களிடம் நான் சொல்லிவிடுவேன்.

மேதாவிடம் சொல்லவில்லை.

மேதாவும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் அப்பா மத்திய அரசில் அதிகாரி, மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். நாங்கள் ஜங்புரா மதராசி கேம்ப்பில், குடிசைகளுக்கு நடுவில் இருந்தோம், வீட்டுக்குப் பின்னாலேயே சாக்கடை நாலா. அவளுக்குத் தமிழ் எழுத வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறினோம். யாராவது என்னை 'கேம்ப்வாலி' என்றால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள், "தேரே பாப் கா க்யா ஜாதா ஹை?" என்று, உன் அப்பனுக்கு என்ன நஷ்டம் என்று, சண்டைக்குப் போய்விடுவாள். எனக்காக வாயைத் திறந்த ஒரே ஆள் அவள்தான். அதை மறுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில், பழைய டப்பா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் பக்கமிருந்து அடி வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் தரையில் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது, கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. கேம்ப்பில் ஒரு அண்ணனுக்கு இப்படி வரும். அவருக்குச் செய்வது போலவே ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு மேதாவின் அம்மா, ப்ரீதா ஆன்ட்டி, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இதோ பார் ஆரா, மேதாவுக்கு வந்தது மயக்கம். ரத்தம் கம்மி. யார் கேட்டாலும் அதுதான், புரியறதா?"

"வலிப்புதானே ஆன்ட்டி? எங்க கேம்ப்லகூட ஒருத்தருக்கு..."

"அந்த வார்த்தையே வேண்டாம். பொண் குழந்தை. நாளைக்கு ஒரு இடத்துல கல்யாணம் பேசணும். அவளுக்குப் பின்னாடி ஷ்ரேயா இருக்கா. அக்காவுக்கு இருக்குன்னா தங்கையையும் யாரும் பண்ணிக்க மாட்டா."

"மேதாகிட்டயாவது சொல்லலாமே ஆன்ட்டி."

"அவகிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. அவளுக்கு வாய் நிக்காது, ஊருக்கே டமாரம் அடிச்சுடுவா. மலை மந்திர் முருகன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதற்குப் பிறகு ஆன்ட்டி கொஞ்சம் இளகினாள். மினுக்கும் வெளிச்சம் மேதாவுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "நீதான் எப்பவும் கூட இருக்கே. பார்த்துக்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் என் கையை யாரும் அதற்கு முன் பிடித்ததில்லை. டப்பா டிவி கபாடிக்குப் போனது. படம் பளிச்சென்று இருக்கும் என்று மேதாவிடம் சொல்லி எல்சிடி வாங்கினார்கள். வலிப்பு மாத்திரை சத்து மாத்திரை என்ற பெயரில் பாலோடு வந்தது.

நான் பார்த்துக்கொண்டேன். தீபாவளிக்குச் சீரியல் லைட் மினுக்கும் கடைப் பக்கம் அவளை விட மாட்டேன், ஏதாவது காரணம் சொல்லி இழுத்துக்கொண்டு போவேன். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் கடைசி வரிசையில் மட்டும் பழைய டப்பாக்கள் மிச்சம் இருந்தன. தினமும் முதலில் ஓடிப் போய் முன் வரிசையில் இடம் பிடிப்பேன். "உனக்கு என்னடி இந்த சீட் பைத்தியம்" என்று மேதா சிரிப்பாள்.

ஒரு நாள் நான் போகத் தாமதமாகிவிட்டது. நான் அறைக்குள் நுழைந்தபோது அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த திரை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடினேன். அதற்குள் சரிந்துவிட்டாள். கையில் வயர் மாட்டி, மானிட்டரும் அவளோடு விழுந்தது. நெற்றி கிழிந்தது. அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் வந்தபோது பார்த்தது மேதாவின் முகத்தில் ரத்தத்தையும் அவள் மேல் இருந்த என் இரண்டு கைகளையும்தான்.

பிரின்சிபால் அறைக்கு ஆன்ட்டி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த வார்த்தையை அவள் சொல்ல மாட்டாள் என்று தெரியும். மயக்கம் என்றாவது சொல்வாள் என்று நினைத்தேன். மயக்கம் என்றால் பள்ளியில் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்கள். அது அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தோன்றியிருக்கும். என்னைப் பார்த்தாள். பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, "குழந்தைகளுக்குள்ள ஏதோ சண்டை, தள்ளிவிட்டிருக்கா. நான் கம்ப்ளெயின்ட் பண்ணலை மேடம். பாவம், கேம்ப்ல இருக்கிற பொண்ணு" என்றாள்.

நெற்றியில் கட்டோடு மேதா உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல மேம்" என்றாள். அது உண்மை, வலிப்பு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "க்யூன் கியா, யார்?" என்று கேட்டாள். செய்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டாள்.

சத்தியம் பண்ணியிருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளியில் என்னை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "ஏய் தள்ளுவண்டி, தள்ளிப் போ" என்பார்கள். மேதா சொல்ல மாட்டாள், சொல்கிறவர்களோடு நிற்பாள். அந்த வருஷம்தான் எங்கள் கேம்ப்பை இடித்தார்கள். நாங்கள் நரேலாவுக்குப் போனோம். அங்கிருந்து பள்ளி வெகு தூரம். அதனால்தான் நான் படிப்பை விட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். நானும் திருத்தவில்லை.

இந்த வருஷம் மேதா எங்கள் கடைக்கு வந்தாள். தேடிக்கொண்டுதான் வந்தாளாம். காலேஜில் சேர்ந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நெற்றித் தழும்பு தெரிந்தது.

"அரே, ஆரா! எத்தனை நாளாச்சு. பயப்படாதே, அந்த ஸ்கூல் மேட்டரை நான் எப்பவோ மாஃப் பண்ணிட்டேன். பச்பன் கி பாத், சின்ன வயசு விஷயம்."

என்னை மன்னித்துவிட்டாள். அதுவரை எனக்கு அவள் மேல் கோபம் இருந்ததாகவே தெரியாது.

காலேஜில் கேமிங் கிளப் இருக்கிறது, பழைய சண்டை ஆட்டத்தில் அவள்தான் முதல், மற்ற காலேஜ்களோடு போட்டி வருகிறது, போட்டியில் எல்லாம் டப்பா மானிட்டர்தான் என்றாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ல எல்சிடி இருக்கே?" என்றேன்.

"அதுல பழகிட்டு அங்க போனா டைமிங் எல்லாம் தப்பறதுடி. அம்மாகிட்ட கேட்டா டப்பாங்கிற பேச்சே கூடாதுங்கறா. என்னவோ அலர்ஜி மாதிரி."

"அப்புறம் எங்க வெப்ப?"

"என் ரூம்ல, கட்டிலுக்கு அந்தப் பக்கம். மேல துணியைப் போட்டுட்டா ஆச்சு. யார் பார்க்கப் போறா?"

"சத்து மாத்திரை இன்னும் சாப்பிடறியா?" சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அதுவா? தூக்கமா வருது. அம்மா அந்தப் பக்கம் போனதும் துளசித் தொட்டியில போட்டுடுவேன். துளசி ஜோரா வளர்றது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடையில் அன்று இரண்டு டப்பா இருந்தது. ஒன்று சின்னது, படம் கிட்டத்தட்ட அசையாது. இன்னொன்று பெரியது, பழையது, ஓரக் கண்ணால் பார்த்தாலே மினுக்குவது தெரியும். நான் பெரியதை எடுத்து வைத்தேன். அப்பா நிமிர்ந்து, "அந்தப் பெருசு கண்ணப் பறிக்குமேம்மா, சின்னதக் குடு" என்றார். "அவங்களுக்கு இதான் வேணுமாம்ப்பா" என்றேன். மினுக்கும் வேகத்தைக் கூட்டினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். நான் குறைத்து வைத்தேன். பழைய ஆட்டங்கள் அந்த வேகத்தில்தான் சரியாக ஓடும், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். திரைக்குப் பக்கத்தில் உட்கார் என்றேன். திரைச்சீலையை இழுத்து விடு, லைட்டை அணை, இருட்டில்தான் டப்பாவின் நிறம் எழும் என்றேன். கை பழகும்வரை எழுந்திருக்காமல் ஆடு என்றேன். எல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள் செய்வதுதான். ஒன்றுகூடப் பொய் இல்லை.

போகும்போது மேதா என்னைக் கட்டிக்கொண்டாள். "தூ பெஸ்ட் ஹை, யார்" என்றாள்.

சில நாள் கழித்து அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கிளப்பில் ஒருத்தன் விடாமல் எல்லோரையும் தோற்கடித்துவிட்டாளாம், எல்லாம் உன் டப்பாவால் என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. என் தேர்வு சரி. பிறகு இன்னொன்று வந்தது. "ஆரா, ஆடறப்ப கண்ணுக்கு முன்னாடி பளிச் பளிச்னு ஏதோ மின்னறது. ஒரு நிமிஷம் எங்க இருக்கேன்னே தெரியல. நார்மல்தானே?"

அந்த மெசேஜை இரண்டாவது தடவையும் கேட்டேன். கேம்ப்பில் அந்த அண்ணனும் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் சொல்வார்.

"பழகிடும்" என்று பதில் அனுப்பினேன்.

சஷ்டியன்று ஆன்ட்டியும் ஷ்ரேயாவும் மலை மந்திருக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது மேதாவின் அறை பகலிலேயே இருட்டாக இருந்தது. அவள் தலையணையில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தாள். டப்பாவில் அவளுடைய ஆள் நின்றுகொண்டிருந்தானாம், எதிராளி அடித்துக்கொண்டே இருந்தானாம். ஷ்ரேயாதான் போனில் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். "ஆராக்கா, அம்மா எல்லார்கிட்டயும் பாத்ரூம்ல வழுக்கிடுத்துன்னு சொல்லச் சொல்லியிருக்கா. நீங்களும் அப்படியே சொல்லுங்கோ" என்றாள். சரி என்றேன். அந்த வீட்டுக்காகச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

மேதாவைக் கொன்றது நான். அதைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அந்தப் பெட்டியை எடுத்து வைத்தேன். ஆனால் ஒன்று. சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், சாமி மேல் பண்ணிய சத்தியத்தை நான் மீறியிருக்க வேண்டும். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆன்ட்டி கடைக்கு வந்தாள். ஒரு கூலியாள் பெட்ஷீட்டில் சுற்றிய மானிட்டரைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்து எங்கள் மேசையில் இறக்கினான். அப்பா எழுந்து நின்று, "கேள்விப்பட்டோம் மேடம். பாத்ரூம்ல வழுக்கிடுச்சாமே. சின்னப் பொண்ணு" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பார்வை என் மேலேயே இருந்தது. அதில் கோபம் இல்லை. நான் மறந்துபோயிருப்பேன், தெரியாமல் நடந்திருக்கும் என்று நினைக்க ஆசைப்படுகிற பார்வை அது. எனக்கே பாவமாக இருந்தது. உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மேசையைச் சுற்றிப் பக்கத்தில் போய், அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"ஷ்ரேயாவுக்கு எல்சிடியே இருக்கட்டும் ஆன்ட்டி. அது மினுக்காது."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. கடையில் அப்பா இருந்தார், ஹார்ட் டிஸ்க் கேட்டு வந்த இரண்டு பேர் இருந்தார்கள், படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியிருக்கலாம். எதிரே போலீஸ்காரர்கூட நின்றுகொண்டிருந்தார். ஆனால் யாரிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவள் வாய் திறந்தது. பிரின்சிபால் அறையில் காத்திருந்தது போலவே, நானும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் படியேறிப் போய்விட்டாள்.