வாசற்கதவில் இரண்டாவது தாள்

மேடையில் வீற்றிருக்கும் புல முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மறைந்த அம்மையாரின் சகோதரர் அவர்களே, மாணவச் செல்வங்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்து நண்பர்களே! உங்களைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும். எத்தனை வருடப் பழக்கம், இன்றைக்கும் கடைசியில்தான் வாயில் வருகிறது. மன்னியுங்கள்.

இணைப் பேராசிரியர் ரதோஸ்வேதா பெல்சேவா நம்மிடையே இல்லை! முப்பத்தோராண்டுகள் நம் பல்கேரியாவின் இந்த ப்லோவ்திவ் நகரில் வேதியியல் கற்பித்தவர். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக, வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு, இரண்டாம் மாடி அறை வாசலில் நின்று, தன்பாலீர்ப்புள்ள மாணவர்களையும் திருநர் மாணவர்களையும் அவர்களுக்குத் துணைநிற்கும் தோழர்களையும் வாய் நிறைய வரவேற்றவர் அவர். அதை இந்த மேடையில் இதுவரை யாராவது சொன்னோமா? துணை முதல்வரான நானாவது சொன்னேனா?

அந்த வாசலில் அவர் யாரையும் "நீ யார்?" என்று கேட்டதில்லை. கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாத் தட்டை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார். ஒருமுறை மல்யுத்த வீரன் ஒருவன் கதவருகே நெளிந்துகொண்டு நின்றான்.

"மேடம், நான் அப்படி இல்ல. ரூம்மேட் தனியா வரப் பயந்தான், அதான்..."

"துணைக்கு வந்தவனா? அப்ப உனக்குத்தான் பெரிய துண்டு. உள்ள போடா, கதவ மறைக்காத!"

அவன் நான்கு ஆண்டுகள் வந்தான்.

என்னையும் அழைத்தார், வாராவாரம் அழைத்தார். "ஓக்னியான், நீங்க சும்மா எட்டிப் பார்த்தாலே போதும். இந்தப் பிள்ளைங்களுக்குத் தெம்பு வரும்" என்பார். எனக்கோ வியாழக்கிழமை என்றாலே எங்கிருந்தோ வேலை வந்துவிடும். கோழை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அது மட்டுமா? வருபவர்களின் பெயர்ப்பட்டியல் தந்தால்தான் அறை என்று ஒருமுறை பிடிவாதம் பிடித்தவனும் நான்தான். தாளைக் கண்டதும் பாதிப் பேர் வராமலே போனார்கள். அம்மையார் தம் பெயரை மட்டும் எழுதி என் மேசையில் வைத்தார்.

"பொறுப்பு நான். வேற யார் பேரும் உங்களுக்கு எதுக்கு?"

அறையைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கடினம். நம் வழக்கப்படி அவர் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலித் தாள் எழுதி, கல்லூரி வாசற்கதவில் ஒட்டினேன். "சிறந்த ஆசிரியர்" என்று எழுதினேன். வியாழக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாள் காலை அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள்! "எங்களை உள்ளே அழைத்தவருக்கு" என்று தொடங்கி, கீழே நாற்பத்துமூன்று பேர், முழுப்பெயரோடு! எந்தப் பட்டியலிலும் எழுத அஞ்சிய பெயர்கள், பெற்றோரும் வாடகை வீட்டு உரிமையாளரும் வழிப்போக்கரும் நின்று படிக்கும் கதவில்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? காவலர் ஸ்தாமெனைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னேன்.

"செத்தவங்களுக்கு ஒட்டுன தாள யாராவது எடுப்பாங்களா ஐயா? எனக்குக் கை வரல" என்றார்.

நானே கழற்றினேன். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை சிலியானா என்ற மாணவி என் அறைக்கு வந்தாள்; இதை இங்கே சொல்ல அவளே அனுமதி தந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"சார், எங்க வீட்டுக்கு இன்னும் தெரியாது. ராத்திரி பூரா யோசிச்சுட்டுத்தான் பேர் போட்டேன். மேடத்துக்குக் கொடுக்க எங்கிட்ட வேற எதுவும் இல்ல. அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

இன்றுவரை என்னிடம் வெட்கம்தான் இருக்கிறது.

ரதோஸ்வேதா அம்மையாரே! நீங்கள் நின்ற இடத்தில் நிற்க எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஆனாலும் அந்த அறை பூட்டிக் கிடக்கக் கூடாது. அறைக்கான படிவத்தில் பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் இன்று காலை கையெழுத்திட்டுவிட்டேன். வரும் வியாழன் ஐந்து மணிக்கு அந்த வாசலில் நான் நிற்பேன். யார் வந்தாலும் பெயர் கேட்க மாட்டேன்.

நம் வழக்கப்படி நாற்பதாம் நாள் மறுபடி ஒட்டும் அஞ்சலித் தாளை மாணவர்களே எழுதட்டும். பெயர் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். பட்டப்பகலில் கதவில் ஒட்டுவது என் வேலை. சிலியானா, உங்கள் பெயர்களுக்குக் கீழே எனக்கும் ஓரிடம் விடம்மா.