பூட்டி வைக்கப் போகும் வீடு

வாங்கும் வீட்டில் இப்போது குடியேற மாட்டோம் என்பதை விற்பவரிடம் சொல்லியாக வேண்டுமா?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வரும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"வூட்டுக்குக் கேட்ட வெலய குடுக்கறாங்க, வேணான்னுட்டியாமே! பைத்தியமாடி ஒனக்கு?"

"கம்பெனி குவார்ட்டர்ஸ்ல இருக்கறவங்கக்கா. ரிட்டையர் ஆவுற வரிக்கும் பூட்டியே வெச்சிருப்பாங்களாம்."

"மவன் வூட்டுக்குப் போயிடப் போறவ. இது எப்பிடி கெடந்தா ஒனக்கு என்னாடி?"

"பக்கத்து வூட்டு மல்லிகாக்கா தனியா இருக்குது. ஒடம்புக்கு முடியலன்னா செவுத்தத்தான் தட்டும், நான் ஓடுவேன். பூட்டுன வூட்ட தட்டினா யாருக்கா வருவா?"



நாங்களும் குவார்ட்டர்ஸ்தான். அங்கே எங்கள் பக்கத்து வீடு காலி. கணவர் நைட் ஷிப்ட் போனால் நானும் குழந்தையும் மட்டும். நாளை ஒரு வீட்டுக்கு விலை பேசப் போகிறோம். வாங்கினாலும் கணவர் ரிட்டையர் ஆகும் வரை பூட்டித்தான் வைப்போம். விற்பவர்கள் கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லிவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.